குப்பைக்கு இன்னொரு கிராமம் தேட வேண்டாம்

(ஒக்கலிபுரம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நகராட்சி தன் காரியங்களைச் சுற்றுச்சூழல் கெடாமல் நடத்துவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மரம் நடுவது, ஏரி தூர் வாருவது, தெருவிளக்கை மாற்றுவது என்று எத்தனையோ இருக்கிறது. அதையெல்லாம் பேசப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் குப்பையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம்மவர்களில் பலருக்குச் சோறு போடுவதும் அதுதான். நம் சந்துகளில் நாறுவதும் அதுதான்.

பெங்களூர் ஒரு நாளில் போடும் குப்பை ஏறக்குறைய 5,000 டன். நான் ரயில்வே குமாஸ்தா. வண்டிக் கணக்கில் சொன்னால்தான் எனக்கு விளங்கும். நிலக்கரி ஏற்றும் வேகன் ஒன்று 60 டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். அப்படி 58 வேகன் கோத்த கூட்ஸ் வண்டியில் ஒன்றரை வண்டிச் சரக்கு! அதுவும் தினமும், ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை இல்லாமல். சரக்கு என்றால் அதற்கு இறங்கும் இடம் வேண்டுமல்லவா? நகரம் அந்த இடத்தை எப்போதும் யாரோ ஒரு கிராமத்தான் வீட்டு வாசலில்தான் தேடியிருக்கிறது.

முதலில் வடக்கே மாவள்ளிபுரா. ஊர் மக்கள் போராடினார்கள். 2012-ல் அங்கே கொட்டுவது நின்றது. உடனே நகரத் தெருக்களில் குப்பை மலை மலையாகக் குவிந்தது. பிறகு பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் மண்டூரில் கொட்டினார்கள். ஈ, நாற்றம், கெட்டுப்போன நிலத்தடி நீர் என்று அந்த மக்கள் முறையிட்டு முறையிட்டுப் பார்த்தார்கள். 2014 ஜூனில் லாரிகளை மறித்து நின்றார்கள். அந்த ஆண்டுக் கடைசியில்தான் அங்கே கொட்டுவது நின்றது. அப்புறம் பிங்கிபுரா, பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி என்று பெயர்கள்தான் மாறின.

அந்த விவசாயி கன்னடம் பேசுகிறவர், நாம் தமிழர், நமக்கென்ன என்று எவரும் இருக்க வேண்டாம். சென்னையில் கொடுங்கையூரில் கொட்டியது யார் தலையில்? உழைப்பாளி தலையில்தானே? பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே தின்றார்களே! குப்பைக்கு மொழி கிடையாது. ஏழை இருக்கும் திசை மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்குப்பை: காய்கறித் தோல், மீந்த சோறு, பூ. அதைத் தனியே எடுத்துக் காற்றுப் பட மக்க வைத்தால் இரண்டு மாதத்தில் உரம். மூடிய தொட்டியில் புளிக்க வைத்தால் அடுப்பெரிக்கும் வாயு. அதையே பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் சேர்த்துக் குழியில் மூடினால் மீத்தேன் வாயு உண்டாகித் தீப்பிடிக்கிறது; கறுப்புத் தண்ணீர் வடிந்து கிணற்றில் இறங்குகிறது. பொருள் ஒன்றுதான், பிரித்தால் உரம், கலந்தால் விஷம். இந்த வித்தை புதிதும் அல்ல. குப்பையிலிருந்து உரம் செய்யவே கர்நாடகத்தில் 1975-ல் அரசுக் கழகம் ஒன்று தொடங்கினார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2012 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பெங்களூரில் வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்றார்கள். 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை என்று கணக்காகவே சொன்னது. ஈரக்குப்பைக்குப் பச்சைத் தொட்டி, ரத்தம் பட்ட துணி போன்றவற்றுக்குச் சிவப்புத் தொட்டி, காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பை.

பிறகு ஏன் நடக்கவில்லை? "நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பார்சல் ஆபீசில் எடைக்குக் கட்டணம் வாங்குகிறோம். பெட்டிக்குள் என்ன இருந்தால் எங்களுக்கென்ன? அதுபோல டன்னுக்கு இவ்வளவு என்று காண்டிராக்டருக்குப் பணம் கொடுத்தால், ஈரமும் மண்ணும் கலந்த குப்பைதான் அவருக்கு லாபம். பிரிக்கப் பிரிக்க அவர் வண்டியின் எடை குறையும். ஒப்பந்தத்தை இப்படி எழுதிவிட்டுச் சுவரில் விளம்பரம் ஒட்டுவதில் பயனில்லை. பிரித்து வந்த குப்பைக்குத்தான் பணம் என்று எழுதட்டும்.

அடுத்தது ஆள். 1970-களில் ஐ.பி.டி. சாலப்பா தலைமையிலான குழு 500 பேருக்கு ஒரு துப்புரவுத் தொழிலாளி வேண்டும் என்றது. பின்னால் சர்க்கார் அதை 700 பேருக்கு ஒருவர் என்று ஆக்கிவிட்டது. ஊர் வளர்ந்தது, குப்பை வளர்ந்தது, துடைப்பம் பிடிக்கும் கை மட்டும் குறையலாமாம்! அந்தக் கைகள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட பெண்களின் கைகள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 2022 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பலன், 2025 மே தினத்தன்று 12,000-க்கு மேற்பட்டோருக்கு நிரந்தர வேலை ஆணை கிடைத்தது. இது சும்மா வந்ததல்ல, தோழர்களே! ஆனால் அன்று ஆணை வாங்கியவர்கள் தெரு கூட்டுகிறவர்கள். வண்டி ஓட்டுகிறவர்களும் குப்பை ஏற்றுகிறவர்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. கலக்காமல் கொண்டுபோக வேண்டியவர்கள் அவர்கள்தாமே?

கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் புறப்படும் நம் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. ஒரு காசு சம்பளம் வாங்காமல் அவர்கள் எடுத்துப் பழைய பேப்பர்க் கடையில் போட்ட சரக்கெல்லாம் குழிக்குப் போகாமல் தப்பிய சரக்கு. இந்த நகரத்தில் அவர்களில் பலருக்கு மாநகராட்சியின் அடையாள அட்டை கிடைத்திருக்கிறது. வார்டுகளில் உலர்கழிவு மையங்களைச் சிலர் தாங்களே நடத்துகிறார்கள். அட்டை இல்லாதவரைத்தான் போலீஸ் திருடன் என்று நிறுத்துகிறது.

நம் பக்கத்திலும் ஒரு கஷ்டம் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கிற இடத்தில் இரண்டு தொட்டியை எங்கே வைப்பது? இதைக் கோர்ட்டாரும் கேட்கவில்லை, அதிகாரிகளும் கேட்கவில்லை. சந்துக்கு ஒரு பொதுத் தொட்டி ஜோடி, மூடியோடு, தினமும் காலி செய்வதாக வேண்டும். மாநகராட்சியும் முதலில் தன் வீட்டைப் பார்க்கட்டும். கே.ஆர். மார்க்கெட் அதனுடையதுதானே? அங்கே கழியும் காயும் பூவும் உரமாகட்டும். பூங்காவில் உதிரும் இலையைக் கொளுத்தாமல் அங்கேயே மக்க வைக்கட்டும்.

கடைசியாகப் பணம். 2025 ஏப்ரலிலிருந்து சொத்து வரியோடு குப்பைக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். குடியிருப்புக்குக் கட்டடத்தின் பரப்பைப் பொறுத்து மாதம் 10 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை. வீட்டுக்காரர் ஒவ்வொரு குடித்தனத்திடமும் நூறு, இருநூறு என்று கேட்டால் வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். குடித்தனங்களுக்குள் பங்கு போட்டு, அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

யாரிடம் போய்க் கேட்பது? 2020 செப்டம்பரில் மன்றம் கலைந்த பிறகு ஐந்து ஆண்டுகள் கவுன்சிலரே இல்லாமல் ஓடின. 2025 செப்டம்பரில் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். குப்பையைப் பிரிக்கும் முன் ஊரைப் பிரித்துவிட்டார்கள்! எப்படியானாலும் அதிகாரி நாற்காலியில் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொடுக்க மனு கன்னடத்தில் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறது. சந்துத் தொட்டி, பிரித்த குப்பைக்குத் தனித்தனி வண்டி, வண்டித் தொழிலாளர்க்கு நிரந்தர வேலை, கோணி சுமப்பவர் எல்லோருக்கும் அட்டை என்று நான்கு கோரிக்கை. கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் ரேகை வைக்கலாம், மை இருக்கிறது. வீட்டு நம்பரையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.