ஒற்றியூருக்கு நடந்த இளைஞர்



வட காஞ்சி என்று பெரியோர் போற்றிய இந்த மீஞ்சூரில் நின்று, பட்டம் பெற்றிருக்கும் மாணவ மாணவியராகிய உங்களை வாழ்த்தும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. உங்களிற் பலர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும், மணலி ஆலைகளுக்கும் வேலைக்குச் செல்லக்கூடும். ஷிப்டு நேரத்துக்கும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலுக்கும் உங்கள் பொழுதை ஒப்புக்கொடுக்கவும் நேரும். அந்த வாழ்க்கையின் நடுவே மனச்சாந்தி சாத்தியமா என்பதே இன்று நான் பேச விரும்பும் விஷயம். ஏனெனில், சாந்தி வேண்டுமானால் காட்டுக்கோ மலைக்கோதான் போகவேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றிக் கிடக்கிறது.

அவ்வெண்ணம் பிழையென்பதற்குச் சாட்சி நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1823ஆம் ஆண்டு மருதூரில் பிறந்து, கைக்குழந்தையாயிருக்கும்போதே தந்தையை இழந்து, சென்னை ஏழுகிணறு வீராசாமித் தெருவில் தமையனாரின் ஆதரவில் வளர்ந்த இராமலிங்கர் என்னும் இளைஞர், வண்டிச் சத்தமும் வியாபாரக் கூச்சலும் நிறைந்த தெருக்களைக் கடந்து, திருவொற்றியூர்த் தியாகராசப் பெருமானையும் வடிவுடையம்மையையும் தரிசிக்க ஆண்டுக்கணக்கில் நடந்து போய் வந்தார். அக்காலத்துப் பாடல்களுள் நெஞ்சறிவுறுத்தல் என்று ஒரு நீண்ட பாடல் உண்டு; எழுநூறு கண்ணிகளுக்கு மேற்பட்ட அப்பாடல் முழுவதிலும் அவர் தம் நெஞ்சை முன்னே நிறுத்தி அதனோடேயே பேசுகிறார்; பொன்னின்மேலும் மண்ணின்மேலும் அது கொண்ட ஆசையையும், அதன் சினத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, இதமாக அதற்குப் புத்தி புகட்டுகிறார். பிற்காலத்தில் அவர் வடலூரில் ஏற்றிய ஜோதியைப் பற்றிப் பேசுவோர் இப்பாடலைப் பற்றி அவ்வளவாகப் பேசாதது எனக்குப் பெருங்குறை. அந்த ஜோதிக்குப் போகும் வழி இதனுள்ளே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவ்வாறு தம்மைத் தாமே விசாரித்துத் தெளிந்த உள்ளம் தனக்கென ஒரு மூலையில் ஒதுங்கி இன்புற்றிருக்கவில்லை. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், வடலூரில், பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலத்தில், பசித்து வந்தவர்க்கெல்லாம் சாதிபேதமின்றிச் சோறிட அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. ஆத்ம விசாரம் உண்மையானதா, வெறும் சுயநினைப்பா என்று அறிய இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

விசாரம் இல்லாத மனம் என்னாகும் என்பதை மீஞ்சூர்க்காரர்க்கு விளக்கப் பெரிய தத்துவம் வேண்டியதில்லை. 1960களின் இறுதி தொட்டு, சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்குமாக இவ்வட்டாரத்துக் குழாய்க்கிணறுகள் இரவுபகலாய் இறைத்தன. மழை மண்ணுக்கடியில் சேர்த்துவைத்த நல்ல தண்ணீர் குறையக் குறைய, அதன் பாரத்தால் அப்பால் நின்றிருந்த கடல்நீர் மெல்ல உள்ளே புகுந்து, உங்கள் பாட்டன்மார் நெல் விளைத்த வயற்கிணறுகள் உப்புக் கரித்தன. கடல் அலையெழுப்பி வரவில்லை. உள்ளே இடம் காலியானபடியால் வந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை பெருஞ்செலவில் திறக்கப்பட்டது. ஆயினும் கிணற்றின் உப்பை அதனால் நீக்க முடியாது. அதற்கு, ஏரியிலும் தடுப்பணையிலும் தேங்கிய மழைநீர் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கவேண்டும். மனத்துக்கும் அதுவே விதி. நாள்முழுதும் பிறர்க்காகவும் கூலிக்காகவும் இறைக்கப்படும் உள்ளத்தில் ஒன்றும் சேர்த்துவையாதிருந்தால், பொறாமையும் பயமும் ஒருவரும் அழைக்காமலே வந்து நிரம்பிவிடும். பிறகு விலைகொடுத்து வாங்கும் உல்லாசங்களால் அந்த உப்பு நீங்காது.

ஆகவே, நாள்தோறும் மீஞ்சூரில் ரயிலேறி எண்ணூர் போய்ச் சேரும் வரையிலாவது கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, நேற்று யாரிடம் கடுஞ்சொல் சொன்னோம், எதற்கு அஞ்சி உண்மையை விழுங்கினோம், யாருடைய உயர்வு நம்மை உறுத்தியது என்று உங்கள் நெஞ்சை விசாரியுங்கள். இது தன்னைத்தானே நொந்துகொள்ளும் காரியமன்று. சிநேகிதனிடம் பேசுவதுபோலப் பேசுங்கள், அது கூறும் பதிலைப் பொறுமையோடு கேளுங்கள். கண்ட குற்றத்தால் புண்பட்டவரிடம் அன்று மாலைக்குள் போய் மன்னிப்புக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் வீட்டிலேயே இருப்பார்.

உங்கள் பெற்றோர் வெயிலிலே வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள். பட்டத்தை முதலில் அவர்கள் கையிலே கொடுங்கள். உங்களுக்கு என் மனமார்ந்த ஆசி.