யார் வளவில் யார் இளைப்பாறுவது?

ஒருவர் சுகமாயிருக்க மற்றொருவர் துன்பப்பட வேண்டுமா என்னும் வினாவை ஏட்டில் வைத்து ஆராய்வது எளிது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் நின்று அதனைக் கேட்டால், விடை சொல்ல நாவெழாது.

மயிலிட்டியைக் கேள்விப்படாத நேயர்கள் சிலரே இருப்பர். இலங்கையின் மீன்பிடித் துறைகளுள் ஒருகாலத்தில் முன்வரிசையில் நின்ற துறை அது. கடற்காற்றுக்கும் பெயர்பெற்ற ஊர். காசநோயாளருக்கென அங்கே ஒரு மருத்துவமனை இருந்தமையை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 1990ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி போர் நெருங்கவே, ஊரவர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டனர். சில நாளில் திரும்பலாம் என்பதே அவர்களின் எண்ணம். ஊரோ உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று.

மல்லாகம் கோணாப்புலம் முதலிய இடங்களில் முகாம்கள் எழுந்தன. அவற்றுக்கு ‘நலன்புரி நிலையம்’ என்று பெயரிட்டவர் யாரோ! சொந்த வள்ளத்தில் கடலுக்குச் சென்றவன் பிறர் வள்ளத்தில் கூலிக்குப் போனான். அதுவும் கிட்டாதவன் கடலுக்கு எட்டாத தூரத்தில் மண்வெட்டி பிடித்தான். பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர்; வளர்ந்தனர்; மணமும் முடித்தனர்.

2009இல் போர் ஓய்ந்தது. வலயம் ஓயவில்லை. அதற்குள்ளேயே, அயலூராகிய காங்கேசன்துறையின் கடலோரத்தில், இராணுவம் நடத்திய ‘தல்செவன’ என்னும் விடுதி உல்லாசப் பயணிகளை வரவேற்றது. பனை நிழல் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். பனையும் நிழலும் அவ்வூரவருடையவை, இளைப்பாறினவர் வேறொருவர். அந்த விருந்தினரைக் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. பிள்ளைகளுக்குக் கடல் காட்ட நெடுந்தூரம் வந்தவர் அவர். வேலிக்கு அப்பால் யாருடைய காணி என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றிரவு உறக்கம் சற்றே கெட்டிருக்கும்.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்பது அதிற் சொல்லப்பட்ட காரணம். அவர்களோ, அரசாங்கமே பதிவுசெய்து வைத்திருந்த முகாம்களில், இருபத்து மூன்று ஆண்டுகளாக இருந்துகொண்டிருந்தார்கள்! காணிக்காரர் பெருந்தொகையாக மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர்.

2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறையும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடப்பட்டன. வேறு பகுதிகள் பின்னர் சிறிது சிறிதாக வந்தன. துறைமுகமும் திருத்தப்பட்டு, அதன் முதற்கட்டம் 2019இல் திறக்கப்பட்டது.

துறை திறந்த அன்று உள்ளே சென்றவர்கள் வீடுகளைத் தேடினர். பல இடங்களில் சுவருமில்லை, எல்லை வேலியுமில்லை. கிணற்றைக் கொண்டே காணியை மட்டுக்கட்ட வேண்டியிருந்தது. முகாமில் பிறந்து இருபது கடந்த பிள்ளைகளுக்கு, பெற்றோர் பற்றையை விலக்கி அந்தக் கிணற்றுக் கட்டைத்தான் காட்டினர்.