சட்டசபை அங்கத்தினரும் கிராமத்தார் அபிப்பிராயமும்

(கிராமவாசிகளுக்கான பிரசங்கம்)



ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் நடக்கும் காரியம் யாவரும் அறிந்ததே. எந்த மடையை எத்தனை நாள் திறப்பது என்று தீர்மானிக்க வேண்டிவரும். அப்பொழுது ஏரிக்கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களை மட்டும் கேட்டு முறை வகுத்தால், கடைமடைக்காரனுடைய பயிர் கருகிப் போகும்; ஊரில் சண்டையும் மூளும். கடைமடைக்காரனையும் கூப்பிட்டு, அவன் நிலம் எத்தனை, பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று விசாரித்த பின் முறை வகுத்தால், ஒவ்வொருவனுக்கும் பூரண திருப்தி உண்டாகாவிட்டாலும், ஒவ்வொருவனும் அந்த முறைக்குக் கட்டுப்படுவான். தன்னைக் கேட்டார்கள் என்ற எண்ணமே பாதி மனத்தாங்கலைத் தீர்த்துவிடும்.

சட்டம் இயற்றுவதும் ஏறக்குறைய இத்தகைய காரியமே. தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 தொகுதிகளின் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். ஒவ்வோர் அங்கத்தினரும் சராசரியாக இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளருக்குப் பிரதிநிதியாவார். ஒரு மசோதாவின் மேல் அவர் சொல்லும் "ஆம்" அல்லது "இல்லை" என்ற ஒரு சொல், அத்தனை குடும்பங்களின் நிலத்தையும், கூலியையும், தண்ணீரையும், பிள்ளைகளின் படிப்பையும் தொடக்கூடியது. ஆகவே இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்தச் சொல்லைச் சொல்லுமுன் அவர் தம் தொகுதியாரைக் கேட்க வேண்டுமா? கேட்டால், அவர்கள் சொன்னபடியே செய்ய அவர் கடமைப்பட்டவரா?

இக்கேள்விகள் புதியன அல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரத்தார் 1774ஆம் வருஷத்தில் எட்மண்டு பர்க் என்பவரைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் முடிந்த நவம்பர் 3ஆம் தேதியன்றே அவர் அந்நகரத்தாரை நோக்கி ஒரு பிரசங்கம் செய்தார். வாக்காளரின் விருப்பத்துக்கும் அபிப்பிராயத்துக்கும் பிரதிநிதி மிகுந்த மதிப்புக் கொடுக்க வேண்டும், ஆயினும் தம்முடைய விவேகத்தையும் மனச்சாட்சியையும் அவர்களுக்காகக்கூட விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். இந்தக் கொள்கைக்கு அவர் கொடுத்த விலையும் அறியத்தக்கது. 1778இல் அயர்லாந்தின் வியாபாரத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்த வேண்டும் என்று அவர் வாதாடினார். தங்கள் லாபம் குறையும் என்று அஞ்சிய பிரிஸ்டல் வர்த்தகர்கள் சினந்தார்கள். கத்தோலிக்கர்மேல் இருந்த கடுஞ்சட்டங்களைத் தளர்த்துவதை அவர் ஆதரித்ததும் பலருக்குப் பிடிக்கவில்லை. 1780இல் அவர் மீண்டும் பிரிஸ்டலுக்கு வந்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பகிரங்கமாகச் சமாதானம் சொன்னார்; வெற்றி கிட்டாது எனக் கண்டபின் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்மேல் சாட்டிய குற்றங்களுள், தொகுதிப் பக்கம் அவர் அடிக்கடி வருவதில்லை என்பதும் ஒன்று. மனச்சாட்சிப்படி நடப்பது பிரதிநிதிக்கு அழகே. ஆனால் ஊர்ப்பக்கமே வராதவர் தம் மனச்சாட்சியைக் காட்டும்போது, ஜனங்களுக்கு அது அலட்சியமாகவே தோன்றும். கேட்டுவிட்டு மாறுபடுபவரை ஊர் பொறுத்துக்கொள்ளும். கேளாமல் மாறுபடுபவரைப் பொறுப்பது கடினம்.

பர்க் பிரிஸ்டலை விட்ட அதே 1780ஆம் வருஷத்தில், அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தார் தங்கள் அரசியல் சட்டத்தை வகுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் அமைதியாகக் கூடிப் பொது நன்மையைப்பற்றி ஆலோசிக்கவும், தங்கள் பிரதிநிதிகளுக்குக் கட்டளை கொடுக்கவும் உரிமையுடையவர்கள் என்று அதில் எழுதி வைத்தார்கள். இன்றும் அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழ்ச்சபைத் தொகுதி ஒன்றில் 200 வாக்காளர் கையெழுத்திட்டுக் கேட்டால், பொதுக் கொள்கை சம்பந்தமான ஒரு கேள்வி அத்தொகுதியின் தேர்தல் சீட்டிலேயே அச்சிடப்படும். அங்கத்தினர் எவ்வாறு வாக்களிக்க வேண்டும் என்று ஜனங்கள் அதில் தெரிவிக்கலாம். அந்த முடிவு அங்கத்தினரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் தொகுதியின் எண்ணம் இன்னதென்று அறியேன் என்று அவர் பின்னர் சொல்வதற்கு இடமில்லாமற் போகும்.

கட்டளையா, ஆலோசனையா என்ற வாதத்தில் இரு பக்கத்தாருக்கும் பொதுவான அம்சம் ஒன்றிருக்கிறது. ஜனங்களின் எண்ணத்தை அறியாமல் வாக்களிக்கலாம் என்று எவரும் சொல்லவில்லை.

இனி, யாரைக் கேட்பது என்பது. நம் தேசத்தில் பால்ய விவாகத்தைத் தடுக்க ஹர்பிலாஸ் சாரதா என்பவர் 1927இல் மத்திய சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். தேசமெங்கும் பெரிய வாதம் எழுந்தது. 1928இல் சர் மோரோபந்த் ஜோஷி என்பவரின் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. ராமேசுவரி நேரு அம்மையாரும் அதில் ஓர் அங்கத்தினர். கமிட்டியார் கேள்விப் பத்திரங்கள் அனுப்பியும், மாகாணங்களில் சுற்றுப்பிரயாணம் செய்தும் சாட்சியம் வாங்கி, 1929இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவ்வருஷமே சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச விவாக வயது ஏற்பட்டு, 1930 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டம் எந்தச் சிறு பெண்களைக் காப்பாற்ற எண்ணியதோ, அவர்களில் ஒருத்திக்கும் வாக்குரிமை இல்லை. வாக்காளரை மட்டும் கேட்டால் போதாது. வாக்கில்லாதவர் நிலைமையையும் விசாரித்தறிய வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

எப்பொழுது கேட்பது என்பது அடுத்தது. இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று நம் ராஜ்யத்திலேயே இருக்கிறது. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்த மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறியது. ஒரு நாள் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க அது இடந்தந்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, அதிக நாள் ஓய்வு கிடைக்கும், புதிய தொழில்கள் வரும் என்று ஒரு சார்பில் சொல்லப்பட்டது. எட்டு மணி வேலை என்ற பழைய உரிமை போய்விடும் என்று சபைக்குள் சில கட்சியாரும், வெளியே தொழிற்சங்கத்தாரும் எதிர்த்தார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி மசோதாவின்மேல் நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. மே 1ஆம் தேதி அது வாபஸ் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

இரு சார்பிலும் எது நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டுவதில்லை. வாக்கெடுப்புக்குப் பின் நாலைந்து நாளில் வெளிவந்த அபிப்பிராயம், வாக்கெடுப்புக்கு முன்னும் ஜனங்கள் மனத்தில் இருந்ததுதான். இப்பொழுது எத்தனையோ கிராமங்களிலிருந்து பெண்கள் விடியுமுன் பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். வேலை பன்னிரண்டு மணி, போகவர இரண்டு மணி என்றால், சமைக்கவும், பிள்ளையைப் பார்க்கவும், உறங்கவும் மிஞ்சுவது பத்து மணி. இந்தக் கணக்கை அப்பெண்கள் விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். நான்கு நாள் உழைத்து மூன்று நாள் வீட்டிலிருப்பதே நல்லதென்று அவர்களில் சிலர் சொல்லவும் கூடும். அதையும் அவர்கள் வாயாலேயே கேட்டறிவதுதான் முறை. முன்னால் கேட்டால் அது ஆலோசனை. பின்னால் கேட்டால் அது கிளர்ச்சியாகிறது.

"அங்கத்தினரைக் கேட்டு என்ன பிரயோஜனம்? கட்சி சொன்னபடிதானே அவர் கை தூக்க வேண்டும்" என்று ஓர் ஆட்சேபம் உண்டு. அதில் உண்மையுமுண்டு. 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் உத்தரவுக்கு மாறாக முன் அனுமதியின்றி வாக்களித்தாலும், வாக்களியாமல் இருந்தாலும், பதினைந்து நாளுக்குள் கட்சி அதை மன்னித்தாலொழிய அங்கத்தினர் தம் ஸ்தானத்தை இழக்க நேரும். கட்சி மாறிப் பதவி தேடுவதைத் தடுக்க வந்த சட்டம் இது. ஆனால் இதனால் கேட்பது வீண் என்று முடிவு கட்டுவது பிழை. கொறடாவின் உத்தரவு பிறப்பதற்கு முன்பே கட்சிக் கூட்டத்தில் பேச அவருக்கு வாயுண்டு. மந்திரியைக் காணலாம், மசோதாவுக்குத் திருத்தம் கொடுக்கலாம், அதைத் தெரிவுக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும், அல்லது பொதுஜன அபிப்பிராயம் அறியச் சுற்றுக்கு விட வேண்டும் என்று பிரேரேபிக்கலாம். "எங்கள் ஊரார் இப்படிச் சொல்கிறார்கள்" என்று ஆதாரத்தோடு பேசும் அங்கத்தினரின் சொல்லுக்கு எக்கட்சியிலும் கனமுண்டு. வாக்கைக் கட்சி கட்டியிருக்கும் காரணத்தாலேயே, வாக்கெடுப்புக்கு முந்திய நாட்களில் ஊராரைக் கேட்பது இன்னும் அவசியமாகிறது.

இனி, கேட்கும் முறை. மசோதாவைச் சட்ட மொழியிலேயே படித்துக் காட்டுவதால் பயனில்லை. இப்பொழுது இருப்பது என்ன, மாறப்போவது என்ன, யாருக்கு நன்மை, யார்மேல் பாரம், என்று முதல் அமல் என்னும் ஐந்தையும் வழக்கத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் ஒட்டிவைத்தல் வேண்டும். கூட்டம் போடும் இடம், எந்த ஜாதியாரும் கூச்சமின்றி வந்து உட்காரக்கூடிய பொது இடமாயிருக்க வேண்டும். நேரம், கூலி வேலைக்குப் போன பெண்கள் திரும்பி, வீட்டுக் காரியம் முடிந்தபின் வரத்தக்கதாயிருக்க வேண்டும். நடவுக் காலத்தில் பகற்கூட்டம் போட்டால் திண்ணையில் இருப்பவர் அபிப்பிராயமே கிடைக்கும். நிலம் கொடுத்தவர் எதிரில் குத்தகைதாரன் வாய் திறக்கமாட்டான். மாமியார் எதிரில் மருமகள் பேசமாட்டாள். ஆதலால் சுய உதவிக் குழுக்களில் பெண்களைத் தனியாகவும், கூலிக்காரரை அவர்கள் குடியிருப்பிலும் சென்று விசாரித்தல் நலம்.

கிராம சபை இதற்கு ஏற்ற இடம். 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் ஜாபிதாவில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினரே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் அது கூடுகிறது. சட்டசபைக்கு வரவிருக்கும் மசோதா கிராமத்தைத் தொடுமாயின், அதைப்பற்றி அங்கே விவாதித்துத் தீர்மானம் எழுதி அங்கத்தினருக்கு அனுப்பத் தடையொன்றுமில்லை.

கேட்டபின் நிறுக்க வேண்டும். ஒரே கையெழுத்தில் எழுதி வந்த நூறு மனுக்களைவிட, நஷ்டத்தைக் கணக்கோடு காட்டும் ஒருவன் சொல் பெரிது. தொகுதியில் பெரும்பாலோர் ஒன்றை வேண்டினும், அது ஒரு சிறு கூட்டத்தாரின் உரிமையைப் பறிப்பதானால், அதற்கு இணங்காதிருப்பதே பிரதிநிதியின் தர்மம். அவ்வாறு மாறுபட்டால், அவர் திரும்பி வந்து, இன்னபடி வாக்களித்தேன், காரணம் இது என்று கேட்ட இடத்திலேயே சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் காரியமே பெரும்பாலும் நடவாமற் போவது. வாக்களித்த விவரத்தை எழுதி, முன்பு மசோதாவை ஒட்டிய அதே பலகையில் ஒட்டிவைப்பதற்கு ஆகும் செலவு ஒரு காகிதமே.

கிராமவாசிகளுக்கும் கடமையுண்டு. அங்கத்தினர் வந்தவுடன் பட்டா மாறுதலுக்கும், மகனுடைய வேலைக்கும், சிபாரிசுக் கடிதத்துக்கும் மனு நீட்டுவதே பல ஊர்களில் வழக்கம். அவையும் தேவையானவையே; ஆயினும் அவற்றுக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். சட்டத்தைப்பற்றிக் கேட்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் சொந்த மனுவைப் பேசினால், ஊரின் அபிப்பிராயம் ஊரிலேயே நின்றுவிடும். பேசுகிறவர்கள் ஏக்கர் எத்தனை, கூலி எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று கணக்கோடு பேச வேண்டும். மாற்று அபிப்பிராயம் சொல்பவரைக் கூச்சலிட்டு அடக்காமல் கேட்க வேண்டும். தீர்மானத்தில் ஒத்தவர் இத்தனை பேர், ஒவ்வாதவர் இத்தனை பேர் என்று உள்ளபடி எழுத வேண்டும்.

அங்கத்தினர் கேட்க வராவிட்டாலும் ஊரார் காத்திருக்க வேண்டுவதில்லை. தாங்களே கூடி எழுதியனுப்பி, விடை கோரலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரை, "எங்களை எந்த மசோதாவுக்குக் கேட்டீர்? எப்படி வாக்களித்தீர்?" என்று ஒவ்வோர் ஊரும் இரண்டு கேள்வி கேட்குமாயின், அவர் தேர்தல் வரைக்கும் காத்திராமல் இடையிலேயே வந்து கேட்கத் தொடங்குவார். அப்பொழுது கடைமடைக்காரனுடைய சொல்லும் சட்டசபை வரை பாயும் என்பது திண்ணம்.