வழி தவறிய பிரயாணம்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாசி மாதம் நாம் சென்ற திருகோணமலைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். திருகோணமலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே நாம் இருட்டிய பின்பே போய்ச் சேர்ந்தோம். வழியில் நேர்ந்த பிழையைப் பற்றியே சொல்லப்போகிறோம்.

காலை ஐந்தரை மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வாடகை வானில் புறப்பட்டோம். இளைஞர் பதினொருவர், துணைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கண்டி வீதியால் ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா என்று போவதே ஏற்பாடு. சாரதித் தம்பியோ மன்னாருக்கு அடிக்கடி ஓடுபவர். நாவற்குழிச் சந்தியில் கைப்பழக்கத்தால் வலப்பக்கம் திருப்பிவிட்டார். வழி பார்க்கவென்று கைத்தொலைபேசியுடன் முன் ஆசனத்தில் அமர்ந்த நம்மவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். (அவர் இச்சபையிலும் இருக்கிறார், பெயர் வேண்டாம்.)

விழித்தபோது இருபுறமும் நீர். சங்குப்பிட்டிப் பாலத்தின்மேல் வான் போய்க்கொண்டிருந்தது. உடனே கூச்சல். சாரதியை நாம் ஏசினோம். எம்மில் ஒருவர் சொன்ன ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் எமக்கு வெட்கமாயிருக்கிறது. அப்பொழுது ஆசிரியர் ஐயா வாய் திறந்தார்.

“தம்பியைக் கோபியாதேங்கோ. நாவற்குழியிலை வான் திரும்பேக்கை நான் முழிச்சுத்தான் இருந்தனான். வேணுமெண்டுதான் பேசாமல் இருந்தனான்.”

வான் நின்றது. ஐயா தமது கதையைச் சொன்னார். எழுபதுகளில் அவர் பூநகரியில் கணக்குப் படிப்பித்தவர். அந்நாளில் பாலம் ஏது? கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்கு ‘பாதை’யில்தான் வாகனமும் மனிதரும் கடலேரியைக் கடப்பர். பின்பு யுத்தம். 288 மீற்றர் நீளமான இப்பாலம் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. திறந்தும் அவர் வரவில்லை. தம்மிடம் படித்த ஒரு பையன், தமக்குக் கஞ்சி கொண்டுவந்து தருபவன், யுத்தத்தில் இறந்துவிட்டான் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அந்த வீட்டு வாசலில் போய் நிற்க மனம் வரவில்லையாம்.

திரும்புவதா, போவதா என்ற பேச்சு அதோடு நின்றது. பூநகரியிலிருந்து பரந்தனுக்கு ஒரு வீதி உண்டு. அதனால் போனால் கண்டி வீதியை மீண்டும் பிடிக்கலாம். தூரத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. இதை முதலிலேயே சொன்னவர் நாம் ஏசிய அந்தச் சாரதிதான். கூச்சலில் யாரும் கேட்கவில்லை.

பூநகரியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கினோம். ஐயா தயங்கித் தயங்கி அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தார். கடைக்காரர் சிரித்தார். “அவரோ? இப்பதானே பாண் வாங்கிக்கொண்டு போறார். பிடிச்சால் பிடிக்கலாம்.”

எம்மில் இருவர் ஓடினர். சைக்கிளில் திரும்பி வந்தவர் அறுபது வயதைக் கடந்தவர். தலை முழுதும் நரை. ஐயாவைக் கண்டதும் சைக்கிளைச் சாத்தக்கூடத் தோன்றாமல் நிலத்தில் விட்டுவிட்டார். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. நாம் கடைக்குள் போய் இருந்துகொண்டோம்.

பின்பு அவர் வீட்டில் பிட்டும் சம்பலும். அறுவடை முடிந்த காலம். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி மாவில் அவித்த பிட்டு. சாரதித் தம்பிக்கே முதல் இலை. ஏசியவர்தான் பரிமாறினார்.

புறப்படும்போது வானில் ஒரு மூட்டை அரிசி ஏறியிருந்தது. அதைச் சுற்றுலாக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எமது பொருளாளர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.