மழைக் கணக்கு உங்க போன்லயே இருக்குங்க
(சூலூர் வட்டார விவசாயிகள், பொதுமக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வாரம் சூலூர்ல எத்தனை மில்லிமீட்டர் மழை பெஞ்சுதுன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கறிக்கோழி பண்ணை விலை என்னன்னு கேட்டா உடனே சொல்லுவீங்க. சோமனூர் பக்கம் தறி ஓட்டறவங்க நூல் விலையை மனப்பாடமா வச்சிருப்பாங்க. மழையைக் கேட்டா மட்டும் "தூறுச்சுங்க", "ஒரு உழவு மழை இருக்குமுங்க"ங்கறதோட நிறுத்திக்கறோம். அந்தப் பேச்சு தப்பில்லை. ஆனா வறட்சி நிவாரணம்னு வரும்போது அரசாங்கம் பார்க்கிறது மில்லிமீட்டரைத்தான்.

நம்ம பூமி மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை வெள்ளியங்கிரி, சிறுவாணிப் பக்கம் கொட்டித் தீர்த்துடும். கிழக்கே நம்ம பக்கம் வரும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காத்துதான் மிச்சம். மாநில சராசரி மழை வருஷத்துக்கு 900 மி.மீட்டருக்கு மேல, கோவைக்குக் கிடைக்கறது சுமார் 700 மி.மீ. அதுலயும் பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்குப் பருவமழைதான். அந்த மூணு மாசம் ஏமாத்துச்சுன்னா அடுத்த வருஷம் முழுக்கப் பாதிக்கும்.

2016-ஐ மறந்திருக்க மாட்டீங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்துல வரவேண்டியது சுமார் 440 மி.மீ. வந்தது 168 மி.மீ.தான். 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10-ம் தேதி, அப்போ இருந்த 32 மாவட்டத்தையும் வறட்சி பாதித்த மாவட்டம்னு அரசு அறிவிச்சது. அறிவிப்பு வந்தது ஜனவரியில, ஆனா மழை குறையறது அக்டோபர் கடைசியிலேயே கணக்குல தெரிய ஆரம்பிச்சிருச்சு. அந்த ரெண்டு மாச இடைவெளியிலதான் புதுசா போர் போடலாமா, தீவனச் சோளம் விதைக்கலாமா, மாட்டை வித்துடலாமான்னு ஒரு குடும்பம் முடிவெடுக்குது. அதனாலதான் தகவல் முன்னாடியே கைக்கு வரணும்னு சொல்றேன்.

வறட்சின்னு எப்படி முடிவு பண்றாங்க? மத்திய அரசின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேடு வழி காட்டுது. பருவ மழை இயல்பை விட எவ்வளவு குறைஞ்சிருக்கு, மூணு நாலு வாரம் தொடர்ந்து வறண்ட இடைவெளி இருந்துச்சான்னு முதல்ல பார்ப்பாங்க. வானிலைத் துறை கணக்குப்படி 26 முதல் 50 சதவீதம் குறைஞ்சா மிதமான வறட்சி, அதுக்கு மேல போனா கடும் வறட்சி. அடுத்து விதைப்புப் பரப்பு, மண் ஈரம், அணை, கிணறு நீர்மட்டம், செயற்கைக்கோள்ல தெரியற பயிர்ப் பசுமை இதெல்லாம் பார்ப்பாங்க. கடைசியா மாதிரிக் கிராமங்களுக்கு நேர்ல போய் சரிபார்ப்பாங்க. பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தாத்தான் இடுபொருள் நிவாரணம்.

இதுல உங்க பேர் வரணும்னா, உங்க பயிர் அடங்கல்ல ஏறியிருக்கணும். நிலத்துல சோளம் நிக்கும், அடங்கல்ல தரிசுன்னு இருக்கும். நிவாரணம் வரும்போது சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லீங்க. விதைச்சதும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துப் பதிவைச் சரிபார்த்துக்கங்க. பயிர்க் காப்பீடும் அப்படித்தான். ஆலங்கட்டி மழை, வெள்ளத் தேக்கத்துக்கு 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். வறட்சிக்கு அப்படியில்லை, உங்க பகுதி முழுக்க அறுவடைச் சோதனை செஞ்சு வர்ற சராசரி மகசூலை வச்சுத்தான் இழப்பீடு. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு அலையறவங்க நிறையப் பேர்.

இப்போ போனை எடுங்க. டிஎன்-அலர்ட் செயலியில தமிழ்லயே அடுத்த நாலு நாள் முன்னறிவிப்பு, மழையளவு, நீர்த்தேக்க நிலவரம் இருக்கு. மேகதூத் செயலி வாரத்துல செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் மாவட்டத்துக்கான வேளாண் வானிலை ஆலோசனை தரும். உழவன் செயலி 2018-ல இருந்தே இருக்கு. நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல இருக்கற காலநிலை ஆராய்ச்சி மையம் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னாடி மாவட்ட வாரியா மழை எதிர்பார்ப்பை வெளியிடுது. அது நிகழ்தகவுக் கணக்கு, ஜாதகம் இல்லைங்க. பத்து வருஷத்துல ஆறு வருஷம் ஒத்துவந்தாலே விதைப்பு முடிவுக்கு உதவும்.

"எல் நினோ வருது, தமிழ்நாடு காயப் போகுது"ன்னு வாட்ஸ்அப்ல ஒண்ணு அடிக்கடி சுத்தும். எல் நினோ வந்தா நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் பலவீனமாகும், அது சரி. ஆனா நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பல வருஷம் சாதகமாவே இருந்திருக்கு. 2016-ல மழை பொய்ச்சப்போ எல் நினோ முடிஞ்சு, அதுக்கு நேர்மாறான லா நினாவின் சாயல்தான் இருந்துச்சு. அதே லா நினா காலமான 2021-ல நல்லா பெஞ்சுது. அதனால ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு அட்வான்ஸ் கொடுத்துப் போர் வண்டியைக் கூப்பிடாதீங்க. நம்மது பாறை பூமி. ஆயிரம் அடி போனாலும் தண்ணி பாறை இடுக்குலதான். அந்த இடுக்கு நிறையறது மழையிலதான்.

வீட்டுல ஒரு மழைமானி வைங்க. தினமும் காலையில எட்டரை மணிக்குப் பார்த்துக் குறிங்க, வானிலைத் துறையும் அதே நேரத்துலதான் அளக்குது. ஒரு மில்லிமீட்டர்னா ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர். 10 மி.மீ. பெஞ்சா 40,000 லிட்டர், பெரிய தண்ணி லாரி மூணுக்கு மேல. இப்படிப் பார்த்தா மழைநீர்ச் சேகரிப்புக் குழி வெட்டறதுக்கு யாரும் தனியா சொல்ல வேண்டியதில்லை.

உங்க பக்கத்துத் தோட்டத்து அப்பிச்சிகிட்ட பட்டன் போன்தான் இருக்கும். அவருக்குச் செயலி வேலை செய்யாது. கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரைக்கும் தமிழ்லயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை அவர் போன்ல நீங்களே பதிஞ்சு கொடுங்க. குடிநீர்த் தட்டுப்பாடு மாதிரி அவசரம்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. வாரத்துக்கு ஒருக்கா மழையளவைப் பால் சொசைட்டி வாசல் கரும்பலகையில எழுதுங்க. அங்க எல்லாரும் வருவாங்க.

இன்னொண்ணு. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்னைக்குக் கிராம சபை கூடும். நிலத்தடி நீரை நம்ம மாநிலத்துல பகுதி வாரியா மதிப்பிட்டுப் பாதுகாப்பான, மித அபாயகரமான, அபாயகரமான, அதிநுகர்வுன்னு பிரிச்சிருக்காங்க. நம்ம பகுதி எந்தப் பிரிவுல இருக்குன்னு எழுந்து கேளுங்க. பதிலைத் தீர்மானப் பதிவேட்டுல எழுதச் சொல்லுங்க. அடுத்த வருஷம் அதே நாள்ல மறுபடியும் அதையே கேளுங்க.

ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பக் கேக்கலாமுங்க.