கோட்டைக்குள் தாலுகா கச்சேரி



பாலக்காட்டுக் கோட்டை என்றதும் ஐதர் அலியும் திப்புவும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் போர்க்கதையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். பீரங்கி ஓய்ந்த பிறகு அதே மதிலுக்குள் தாலுகா கச்சேரி, அதாவது வட்ட அலுவலகம், நடந்த கதையைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. கோயம்புத்தூரிலிருந்து மேலைக் கடற்கரைக்கு வண்டியும் வணிகமும் படையும் வந்த வழி இதுதான். 1757இல் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் படையெடுப்புக்கு அஞ்சிய பாலக்காட்டு அரசர் அச்சன், அப்போது திண்டுக்கல் ஃபௌஜ்தாராக இருந்த ஐதரிடம் உதவி கேட்டார். உதவிக்கு வந்தவர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். 1766இல் கோட்டை எழுந்தது. 1768, 1783, 1790 என மூன்று முறை ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். மூன்றாம் முறை அது அவர்கள் கையிலேயே நின்றுவிட்டது.

1792இல் மலபார் கிழக்கிந்தியக் கம்பெனி வசமாகி, 1800இல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. சண்டைக்கு வேலை இல்லாமல் போகவே, கோட்டைக்கும் வேறு வேலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தாலுகா கச்சேரி ஆயிற்று. கச்சேரி, கருவூலம், கிளைச்சிறை ஆகியவற்றை ஒரே வளாகத்தில் வைப்பது சென்னை மாகாணத்தில் பரவலாக இருந்த ஏற்பாடு. பணத்துக்கும் கைதிக்கும் காவல் வேண்டும். அகழி சூழ்ந்த கருங்கல் மதிலைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் எதிரியை மலைக்க வைக்கக் கட்டிய வாசல், கிஸ்தி கட்ட வந்த குடியானவனையும் மலைக்க வைத்திருக்கும். அகழியைத் தாண்டி, கல்வாயிலுக்குள் தலைகுனிந்து நுழைகிறவன் கையில் ஒரு மனு. அவனுக்குச் சர்க்கார் என்பது அந்த மதிலின் கனம்தான்.

அதே வாசலை ஒட்டி ஆஞ்சநேயர் கோயில். வழக்கு உள்ளவனும் வேண்டுதல் உள்ளவனும் ஒரே வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். வெளியே கோட்டை மைதானம், சுல்தான்பேட்டை. சற்றுத் தள்ளிக் கல்பாத்தி அக்கிரகாரங்கள். அக்கிரகாரத்து ஐயர், துணி வணிகம் செய்த ராவுத்தர், கிழக்கே நெசவாளர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி என வீட்டில் தமிழ் பேசியவர்களுக்கும், மலையாளம் பேசிய அண்டை வீட்டாருக்கும் கச்சேரிகள் பொதுவாக இருந்தன.

1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. சென்னை மாகாணத்துப் பாலக்காடும், பழைய கொச்சி அரசைச் சேர்ந்த சித்தூரும் 1957இல் ஒரே மாவட்டமாயின. தமிழகத்தோடு இணைக்கும்படி திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்று, 1972இல் இடுக்கி மாவட்டத்துக்குள் வந்தன. கோடு எங்கே விழுந்தால் என்ன, தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் தென்னந்தோப்பு விவசாயியும் சாதிச் சான்றுக்கும் நிலவரி ரசீதுக்கும் அலுவலகம் போய்த்தானே ஆகவேண்டும்?

அந்த அலுவலகங்களில் தமிழில் எழுதச் சட்டத்தில் இடம் உண்டு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்பது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு.

உரிமை ஏட்டில் இருக்கிறது. அது நடப்பில் வர மனு வேண்டும். தமிழில் மனு வராத அலுவலகத்தில் தமிழ் தெரிந்த எழுத்தர் எதற்கு என்று கேட்டால் எல்லையோரத் தமிழராகிய நம்மிடம் பதில் இல்லை. மலையாளம் கற்பது அண்டை வீட்டாரோடு வாழ்வதற்கு. சட்டம் தந்ததைக் கேட்பது குடிமகனாக வாழ்வதற்கு. இரண்டுக்கும் பகை இல்லை.

கோட்டையைத் தொல்லியல் துறை காக்கிறது. கச்சேரியின் வாசலைத் திறந்து வைப்பது நம் பொறுப்பு. இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் வருவாயில் ஒரு பங்கு, கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் தமிழில் மனு எழுதக் கற்றுத்தரும் முகாம்களுக்குப் போகட்டும் என்று அதன் குழுவினரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.