மின்பட்டியலை மேசையில் வைத்துப் பேசுவோம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



குப்பி விளக்கில் பாடம் படித்தவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, எமது பிள்ளைகளுக்கும் அதே விளக்கைத் தேடினோம். மண்ணெண்ணெய்க்கும் வரிசை. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம், கற்பிட்டிப் பக்கம் காற்றாலைகள். நாட்டுக்கு வெளிச்சம் அனுப்பும் மாவட்டத்தில் நாம் இருட்டில் இருந்தோம்.

அதன்பின் கட்டணம் ஏறியது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். அப்போதுதான் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் மின்பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தோம். 58 அலகு பாவித்த சகோதரிக்கும் 64 அலகு பாவித்த சகோதரிக்கும் இடையே ஆறே அலகு. ஆனால் பணத்தில் பெரிய இடைவெளி. 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய வீதம் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டோம்.

காரணத்தைத் தேடினோம். பழைய கூரை மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். புதிய வகை 30 வாட் அளவில் ஓடும். தினம் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 13 அலகுக்கு மேல் மிச்சம். ஆனால் புதியதை வாங்கக் கைக்காசு வேண்டும். சிக்கனமாக இருங்கள் என்ற அறிவுரை மட்டும் ஏழை வீட்டுக்குப் போதாது. தவணைக் கடன் வேண்டும். இது வீட்டுப் பேச்சல்ல, கொள்கைப் பேச்சு.

அதைச் சொல்ல இடமும் உண்டு. கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. மாற்றம் வேண்டாம் என்றது மின்சார சபை. மாகாணந்தோறும் கருத்துக் கேட்டபின் 2025 ஜனவரியில் ஆணைக்குழு சராசரி 20 வீதம் குறைத்தது. ஜூனில் 15 வீதம் கூட்டியதும் அதே ஆணைக்குழுதான். ஒவ்வொரு முறையும் வெல்வோம் என்றில்லை. பேசாதவரின் கணக்கை யார் பார்ப்பார்?

ஆகவே சகோதரிகளே, எந்த நாட்டில் இருந்தாலும் ஊரிலுள்ள அம்மாவின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்த கருத்துக் கேட்பு அறிவித்தல் வரும்போது எம்முடன் சேர்ந்து ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். விண்ணப்பம் எழுதக் கற்றுத் தந்தது இந்தப் பள்ளிக்கூடம்தானே!